மூக்குச் சக்கரம்

செப்டம்பர் 2

புது நோட்டு. பழையதில் பாதிப் பக்கங்கள் மிச்சம். அதில் தொடரப் பிடிக்கவில்லை.

காட்சியகத்தில் சேர்ந்து நான்கு மாதம். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு கல்லூரிப் பேருந்து, பிறகு நடை. பொறியியல் கல்லூரி மைதானத்தின் பின்புறம், கருவேலம் வெட்டிய இடத்தில் நிற்கிறது விமானம். இருபத்தெட்டு வருடம் பறந்தது. பத்து வருடம் ஒரு விமான நிலைய மூலையில் சும்மா நின்றது. அதை ஓட்டிய நிறுவனமே இன்று இல்லை. இறக்கை தனி, உடல் தனி என்று லாரிகளில் வந்து இங்கே மறுபடி கூடியது. வாலுக்குப் பக்கத்தில் இரண்டு எஞ்சின் கூடுகள். உள்ளே ஒன்றும் கிடையாது.

என் வேலை ஆவணம், பெயர்ப்பலகை, பொருள் பட்டியல். அக்டோபர் 5 திறப்பு விழா வரை வர்ணப்பூச்சு மேற்பார்வையும் என்னுடையது. காப்பாட்சியர் வசுந்தரா மேடம் ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மியூசியம் படிப்பு படிச்சுட்டு வந்தவ இங்க நீ ஒருத்திதான் லிடியா. நீ சொல்றதுதான்.”

அந்தக் கடைசி வாக்கியம் நாள் முழுக்கக் கூடவே வந்தது.

செப்டம்பர் 5

தகடு வேலைக்கு இருப்பவர் செங்கோடன். நாற்பத்தைந்து வயது. கரூரில் பஸ் பாடி கட்டியவர். விமானத்தை வண்டி என்கிறார். திருத்தினேன்.

“அம்மிணி, சக்கரம் இருக்குது, சீட்டு இருக்குது, சன்னல் இருக்குது. வண்டி இல்லாம பின்ன என்னங்க?”

“இது பறக்கும்.”

“பறந்துச்சுங்க. இனி நம்மளத் தாண்டிப் பறக்கட்டும், பாக்கலாம்.”

பெயர்ப்பலகைகளுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். ‘ஓய்வுபெற்ற’ என்று எழுதினேன். அடித்தேன். ஓய்வு என்பது அது கேட்டு வாங்கியதா?

செப்டம்பர் 9

வெள்ளை அடித்து முடிந்தது. பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடு. பழைய புகைப்படத்தில் உள்ளது போலவே.

பின்வயிற்றுக்குக் கீழே மட்டும் வரிசையாகத் துருக்கறை. ஆறு இடங்களில் வழிந்து புது வெள்ளையைக் கெடுக்கிறது. விழாப் படங்கள் அந்தப் பக்கமிருந்துதான் எடுக்கப்படும். புட்டிக் கலவை வைத்து மூடி, மேலே பூசச் சொன்னேன். மதியத்துக்குள் முடிந்தது.

துணி காயப்போட்டது நினைவில் இல்லை. நனைந்துவிட்டது.

செப்டம்பர் 21

ஐம்பத்தேழு கேள்விகள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல். மேடம் மாலைக்குள் கேட்டார். டிக் செய்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முப்பத்தொன்றாவது கேள்வியில் பேனா கொஞ்சம் நின்றது. மை குறைவு.

அக்டோபர் 5

திறப்பு விழா. மாலை, குத்துவிளக்கு, டிரோன். யாரோ ஒரு பிரமுகர் விமானி இருக்கையில் உட்கார்ந்து, இறங்க மனமில்லாமல் பத்து நிமிடம். அவர் கண்ணாடிக்கு வெளியே என்ன பார்த்தார்? கருவேலம், கல்லூரியின் தண்ணீர்த் தொட்டி.

மேடம் என் தோளைத் தட்டி, “அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு” என்றார்.

அக்டோபர் 18

மழை. மூன்றாவது நாள். பெயர்ப்பலகைகளின் ஓரத்தில் பூஞ்சை. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை இருக்கைகளின் கீழே வைத்தேன். நூற்றிருபது பொட்டலம், நூற்றிருபது முறை குனிதல்.

ஹாம்பர்க்கிலிருந்து மின்னஞ்சல். பழைய பயணி விமானங்களைப் பாதுகாக்க ஓராண்டுப் பயிற்சி. முதல் சுற்றில் தேறிவிட்டேன். நவம்பர் 30க்குள் காப்பாட்சியரின் பரிந்துரைக் கடிதம் சேர வேண்டும்.

அம்மா போன். “எப்பம் வாற மக்களே? கிறிஸ்துமஸுக்காவது உண்டா?” நாகர்கோவிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். பார்க்கவே இல்லை. மூன்று வருடத்தில் நான்கு ஊர், ஐந்து அறை. நின்ற இடத்தில் நிற்க எனக்கு வரவில்லை. நிற்க வைத்த ஒன்றைக் காக்கும் வேலையில் இருக்கிறேன்.

அக்டோபர் 27

மழை விட்டு விட்டு.

செங்கோடன் அலுவலக வாசலில் நின்று கூப்பிட்டார். “முன்காலு நீண்டுட்டே வருதுங்க. வந்து பாருங்க.”

மூக்குச் சக்கரத்தின் தண்டில் பளபளக்கும் பகுதி ஒன்று உண்டு. பாரம் அழுத்தினால் உள்ளே போகும், பாரம் குறைந்தால் வெளியே தெரியும். திறப்பு விழா சமயம் பதினொரு சென்டிமீட்டர். இன்று பதினெட்டு.

“முன்னால பாரம் குறையுதுன்னா பின்னால ஏறுதுன்னு அர்த்தமுங்க.”

“ஈரக்காற்றில் உள்ளே இருக்கிற வாயு விரியும்” என்றேன். எதிலும் படித்ததில்லை. வாயில் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விமானத்தின் பின்வயிற்றை. பிறகு மறுபடி என்னை.

“மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லீருங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

நவம்பர் 6

எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

காலை 11. ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். பின் படிக்கட்டு வழியாக உள்ளே போனார்கள். நான் விமானி அறை வாசலில். செங்கோடன் பின்கதவில். கடைசியில் உள்ள கழிப்பறையைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள். விமானத்தில் கழிப்பறை என்பது அவர்களுக்கு அவ்வளவு வேடிக்கை.

என் கால் கீழே தளம் உயர்ந்தது. மெதுவாக. மின்தூக்கி போல. கண்ணாடியில் கருவேலம் கீழே இறங்கியது. பிறகு வானம் மட்டும்.

பின்னால் பிள்ளைகள் கை தட்டினார்கள். “பறக்குது! மிஸ், பறக்குது!”

பெரிய சத்தத்துடன் வால் தரையில் உட்கார்ந்தது. ஓர் ஆசிரியை விழுந்தார். மணிக்கட்டு முறிவு. அப்போதுதான் அழுகை.

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றேன். செங்கோடனின் குரல் மட்டும் கேட்டது.

“கண்ணுகளா, ஆரும் ஓடக்கூடாது. அப்படியே கீழ உக்காருங்க. வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு, அவ்வளவுதான். பஸ்ஸு எறங்காதா? நீல ரிப்பன் பாப்பா, நீ மொதல்ல வா. அப்பறம் உம் பக்கத்துல இருக்கறவன். ஒட்டுக்கா வரப்படாது.”

நாற்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக இறக்கினார். கடைசியாக என்னை. “வாங்க அம்மிணி, உக்காந்தே நகந்து வாங்க.”

வெளியே வந்து பார்த்தேன். மூக்குச் சக்கரம் என் தலைக்கு மேலே, அந்தரத்தில். சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 7

தொலைக்காட்சிக்காரர்கள். மழை.

நவம்பர் 9

கல்லூரி நிர்வாகம் கூடியது. வாலுக்குக் கீழே ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. சாய்ந்தால் பிடித்துக்கொள்ள. அது ஈர மண்ணில் முழுதாகப் புதைந்துபோயிருக்கிறது. அதைச் சிமெண்ட் மேடை கட்டாமல் பலகை மேல் வைத்தவர் செங்கோடன். ஆக, அவர்தான். இடைநீக்கம்.

“சிமெண்டு கேட்டு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தனுங்களே” என்றார். யாரும் தேடவில்லை. அந்தத் தாள்கள் என் ஃபைலில்தான் இருக்கின்றன. கூட்டத்தில் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

விமானத்தை யாரும் தொடக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

நவம்பர் 12

பெங்களூரிலிருந்து தாவூத் சார் வந்தார். விமான உடற்கட்டமைப்பு வல்லுநர், ஓய்வுபெற்றவர், சொந்த ஊர் திருச்சி. நனைந்த மண்ணில் முழங்கால் போட்டு மூன்று மணி நேரம் பார்த்தார். கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

“முன்னால பாரம் வச்சிருக்கீங்க. மணல் மூட்டை எல்லாம் கணக்கு சரியா இருக்கு. காலி வாலு. நாப்பது புள்ளைங்க நின்னா இப்படி உக்காராதும்மா. உக்காந்தாலும் அதுங்க இறங்கினதும் எழுந்திருக்கணும். ஏன் எழுந்திரிக்கல?”

காலித் தம்ளரை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

“மழத்தண்ணி சேர்ந்திருந்தா சொல்லலாம். வாலுக்குள்ள ஏறிப் பாக்குற கதவு மண்ணுல அழுந்திக் கிடக்கு. ஆனா அடியில வடிகால் ஓட்டை இருக்குமே. எல்லாம் திறந்துதானே இருக்கு?”

பாதுகாப்புப் பட்டியல் அவர் கையிலேயே இருந்தது. முப்பத்தொன்றாவது கேள்வி. என் டிக்.

“இருக்கு சார்” என்றேன்.

அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

நவம்பர் 13

செப்டம்பர் 9 குறிப்பை எடுத்துப் படித்தேன். அன்று நடந்த ஒன்று அதில் இல்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியும் எழுதவில்லை.

அன்று செங்கோடன் புட்டிக் கலவையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “அம்மிணி, பஸ்ஸுக்கு அடியில ஓட்ட வெச்சுத்தான் கட்டுவோம். இத மூடீட்டா தண்ணி எங்கீங்க போகும்?”

நான் சொன்னது: “மேலே எல்லாம் சீல் பண்ணியாச்சு. தண்ணியே வராது. இது பஸ் இல்லை, செங்கோடன்.”

இரண்டு பூச்சாளர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூடினார். நன்றாக மூடினார். தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து. இப்போது எனக்கே இடம் தெரியாது.

செப்டம்பர் 21 பேனாவில் மை இருந்தது.

நவம்பர் 17

தாவூத் சாரின் அறிக்கை. காரணம் உறுதியாகத் தெரியவில்லை. பின்பக்கக் கட்டமைப்பும் பிரதான கால்களும் நம்பத்தக்க நிலையில் இல்லை என்றே கொள்ள வேண்டும். பிரித்தெடுக்கப் பரிந்துரை. புயல் வரும் முன்.

பிரித்தெடுத்தல் என்றால் வெட்டுதல். 28ஆம் தேதி வெட்டும் ஆட்கள் வருகிறார்கள். மூக்குப் பகுதியை மட்டும் வரவேற்பறையில் வைக்கலாமா என்று கல்லூரி முதல்வர் யோசிக்கிறாராம்.

செங்கோடன் வேலையிலிருந்து நீக்கம்.

மாலை மேடம் கூப்பிட்டு உறையைக் கொடுத்தார். பரிந்துரைக் கடிதம். ஒன்றரைப் பக்கம். ‘நுணுக்கமான கவனிப்பு’ என்று ஒரு தொடர். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்ப வந்து நன்றி சொன்னேன்.

நவம்பர் 19

அறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே ஆறு தடவை நடந்தேன். பேருந்தில் ஏறவில்லை. விடுப்பு. கேஸ் தீர்ந்துவிட்டது, ரொட்டி.

நவம்பர் 21

செங்கோடனைத் தேடிப் போனேன். ஒரகடத்தில் ஒரு லாரிப் பட்டறை. குப்புறப் படுத்து ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழவில்லை.

“வாங்க. ஜெர்மனி போறீங்களாம்?”

“யார் சொன்னா?”

“வாட்ச்மேன் சொன்னாப்ல. அங்க போயி ஓட்ட கீது இருந்துச்சுன்னா மூடச் சொல்லீராதீங்க.”

பட்டறையில் வேலை செய்த இன்னொருவர் ஏதோ பெரிய ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

“நீங்க ஏன் சொல்லலை?” என்று கேட்டேன். கேட்க வந்தது இதுவல்ல.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னன்னு சொல்றதுங்க? தெரியாம மூடீட்டேன்னு சொல்லலாம். எனக்குத்தான் தெரியுமே. தண்ணி எங்க போகும்னு வாயத் தொறந்து கேட்டவன் நானு. கேட்டுப்போட்டு மூடுனேன் பாருங்க. கொழந்தைங்க ஏறுற வண்டி அது. பசங்க சிரிச்சானுங்க, நீங்க அப்படிச் சொன்னீங்க, ரோசம். போகட்டும்னு மூடீட்டேன். அதச் சபையில சொல்ல நாக்கு வரலீங்க.”

“28ஆம் தேதி வெட்டப்போறாங்க.”

சுத்தியலை எடுத்தார். வைத்தார்.

“எதுக்குங்க? ஓட்டயத் தொறந்தா எந்திரிச்சுக்குமே.”

“அது யாருக்கும் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுமுங்களே.”

அவ்வளவுதான். மறுபடி படுத்துக்கொண்டார்.

நவம்பர் 24

மேடத்திடம் சொன்னேன். துளைகள், புட்டி, செங்கோடன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், டிக், தாவூத் சாரிடம் சொன்ன பொய், சிமெண்ட் கேட்ட இரண்டு தாள்கள். நடந்த வரிசையிலேயே.

மேடம் கதவைச் சாத்தினார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை.

“வேற யார்கிட்ட சொன்னே?”

“யார்கிட்டயும் இல்லை.”

“நல்லது. கேளு. அறிக்கை போயாச்சு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு டீச்சருக்குக் கை ஒடிஞ்சிருக்கு. இப்ப இதை எடுத்தா உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. அது வெறும் தகரம்மா. இன்னொண்ணு வரும். நீ ஜெர்மனிக்குக் கிளம்பு.”

“செங்கோடன்?”

“அவருக்கு வேலை கிடைச்சுடுச்சுன்னு கேள்விப்பட்டேன்.”

ஆம், கிடைத்துவிட்டது. அதுவும் உண்மை. மேடம் சொன்ன எல்லாமே ஒருவகையில் உண்மையாக இருந்தது.

வெளியே வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தாவூத் சாருக்கு போன் செய்தேன். மேடத்திடம் சொன்ன எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன்.

“நான் உன்னக் கேட்டேன்லம்மா?”

“கேட்டீங்க சார்.”

“கண்ணப் பாத்துக் கேட்டேன்.”

“ஆமா சார்.”

“நாப்பது வருஷத்துல இப்படி ஒரு தப்பான அறிக்கைல என் பேரு வந்ததில்ல. அந்தத் தகட்டுக்காரர் எங்க இருக்கார்? அவர் இல்லாம ஓட்டை எங்க இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. கூட்டிட்டு வா. நாளன்னைக்கு நான் வர்றேன். வண்டி தானா எழுந்து நின்னா வெட்ட வேண்டாம்னு எழுதித் தர்றேன். நிக்கலன்னா வெட்டட்டும்.”

வண்டி என்றுதான் சொன்னார், அவரும்.

நவம்பர் 25

மேடம் உறையைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். ஹாம்பர்க்குக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். இந்த மாதத்தோடு வேலையும் இல்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தாவூத் சார் கல்லூரி முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார். செங்கோடனை வரச் சொல்லக் கூப்பிட்டேன். “லீவு கேக்கோணும்” என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 26

காலை ஏழரைக்கு வந்துவிட்டார். துளைக்கும் இயந்திரம், செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி, தேநீர் பிளாஸ்க். என்னைத் தாண்டி நேராக வாலுக்குப் போனார்.

தாவூத் சார் எச்சரித்தார். தண்ணீர் வடிந்தால் வால் லேசாகும், திடீரென்று மூக்கு கீழே வந்து அடிக்கும், முன்கால் ஒடியும். அதனால் முதலில் செங்கோடனும் தாவூத் சாரோடு வந்த ஆட்களும் வாலை ஒரு கனத்த சங்கிலியால் தரையோடு கட்டினார்கள். வடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

செங்கோடன் ஈர மண்ணில் மல்லாந்து ஊர்ந்து உள்ளே போனார். வயிற்றுத் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். துளைத்தார்.

முதலில் ஒரு வெள்ளைப் புட்டித் துணுக்கு. பிறகு பழுப்பு நீர், விரல் கனத்தில். அவர் முகத்திலேயே விழுந்தது. துப்பிவிட்டு, நகர்ந்து, அடுத்ததைத் திறந்தார். ஆறு. காலை எட்டே முக்காலுக்கு ஆரம்பித்தது, மதியம் இரண்டு வரை நிற்கவில்லை. துரு, இலை, ஒரு மைனாக் கூட்டின் நார். அந்தத் தண்ணீர் மைதானத்தின் குறுக்கே ஓடிக் கல்லூரி வாய்க்காலில் இறங்கியது. மேடம் ஜன்னலில் நின்று பார்த்தார். வெளியே வரவில்லை.

இரண்டரைக்குச் சங்கிலியை விட ஆரம்பித்தார்கள். செங்கோடன் பின்னால், சங்கிலியைப் பிடித்து. அங்கிருந்து அவருக்கு முன்பக்கம் தெரியாது. முன்சக்கரத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தாவூத் சார் இறக்கைக்குக் கீழே கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் சும்மா நின்றேன்.

“நான் சொல்றேன்” என்றேன்.

செங்கோடன் தாவூத் சாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

சங்கிலி கண்ணி கண்ணியாக நகரும் சத்தம். மூக்கு இறங்கியது. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே தெரியும் வேகம். ஆள் உயரம். தோள். இடுப்பு.

“முட்டி உயரம்” என்று கத்தினேன்.

“சத்தமா!”

“முட்டி உயரம்!”

நின்றது. யாரோ ஒரு பலகையை நகர்த்தினார்கள். மறுபடி சங்கிலி.

“ஒரு சாண். அரைச் சாண். மூணு விரல். ரெண்டு.” குனிந்து மண்ணோடு கண்ணை வைத்தேன். “ஒண்ணு.”

டயரின் அடிப்பாகம் கொஞ்சம் பரந்தது போலிருந்தது.

“தரை” என்றேன். “தரை தொட்டாச்சு.”

தாவூத் சார் தன் இடத்திலிருந்து கையை உயர்த்தினார். விடலாம் என்று.

செங்கோடன் விடவில்லை. சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டினார். எழுந்து, விமானத்தின் முழு நீளமும் நடந்து முன்னால் வந்தார். நான் தள்ளி நின்றேன். அவர் குனிந்து, சட்டைப் பையிலிருந்து பேருந்து டிக்கெட் ஒன்றை எடுத்து, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே செருகிப் பார்த்தார். நான்கு பக்கமும். எங்கும் நுழையவில்லை.

டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பிறகுதான் சங்கிலி முழுதாக விடும் சத்தம் கேட்டது.